ராஜமாணிக்கத்தின் இரைப்பை

இருபத்திரண்டு வருஷமாக ஆபரேஷன் கருவிகளைக் கழுவி வந்தும் சௌந்தரம் ஒரு ஆபரேஷனைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. கல்கத்தா அலிப்பூரில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் தியேட்டர்கள் நான்காவது மாடியில் இருந்தன. அவள் இருந்தது தரைக்குக் கீழே. மேலே ஒரு ஆபரேஷன் முடிந்ததும் அழுக்குத் தட்டு ஒரு குட்டி லிஃப்டில் இறங்கி வரும், மணி அடிக்கும். கதவைத் திறந்தால் ரத்தம் உறைந்த கத்தரிகளும் இடுக்கிகளும் பச்சைத் துணிக்குள் குவிந்து கிடக்கும். மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிய பிரஷால் ஒவ்வொரு கீலாகத் தேய்த்து, துடைத்து, எண்ணெய் விட்டு, பட்டியல்படி அடுக்கி, துணியில் கட்டி நீராவிப் பெட்டிக்குள் தள்ளவேண்டும். வெளியே எடுக்கும்போது கட்டின் மேல் ஒட்டிய பட்டையில் கறுப்புக் கோடுகள் தெரிந்தால் சுத்தம் என்று அர்த்தம். அப்புறம் அது மேலே போய்விடும். யாருடைய உடம்புக்குள் போகிறது என்று அவள் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் வேலை ஓடாது.

பெஹாலாவில் அவர்களுக்கு ஒரு சின்ன ஃபிளாட். புருஷன் ராஜமாணிக்கம் கித்திர்ப்பூர் கப்பல் டாக்கில் கிரேன் டிரைவர். அவனுடைய அப்பா காலத்திலேயே குடியாத்தத்துப் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்துவிட்ட குடும்பம். சௌந்தரம் கல்யாணமாகி வந்தவள். ஒரே மகள் தாரா, டாக்குரியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறாள். அவளுக்குத் தமிழைவிட வங்காளம்தான் வாயில் சுலபமாக வரும்.

ராஜமாணிக்கம் சாப்பாட்டுக்காரன். முப்பத்தொரு வருஷம் கிரேன் ஏணியில் ஏறி இறங்கிய உடம்பு. மேலே உட்கார்ந்தால் நடுவில் இறங்க முடியாது என்பதால் காலையிலேயே மூன்று ஆள் சோறு தின்றுவிட்டுப் போவான். ஞாயிற்றுக்கிழமை அவளே மார்க்கெட்டுக்குப் போய் லொட்டே என்று அங்கே சொல்கிற மீனின் கருவாடு வாங்கி, கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு, புளி தூக்கலாகக் குழம்பு வைப்பாள். கேழ்வரகு மாவு ஊரிலிருந்து யாராவது வரும்போது வரும். வந்தால் அன்றைக்குக் களி. அந்த வருஷம் ஆனி மாச வாக்கில், மழை பிடித்துக்கொண்டு பெஹாலா ரோடெல்லாம் முழங்கால் தண்ணீராக நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் தட்டில் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவினான்.

"இன்னாய்யா, அப்படியே வெச்சிட்ட?"

"நெஞ்சாண்ட நிக்குது சௌந்தரம்."

"எத்தினி நாளா இப்படி கீது?"

அவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "பொய்லா பைசாக் அன்னிக்கு டாக்குல மிட்டாய் குடுத்தாங்களே, அப்பலருந்து."

வங்காள வருஷப் பிறப்பு முடிந்து இரண்டு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. "ரெண்டு மாசமா வாயத் தெறக்காமயா இருந்த?"

"கேஸுன்னு நெனச்சேன். முந்தாநேத்து ஏணில பாதி ஏறசொல்லோ கண்ண இருட்டிக்கினு வந்துச்சி. வெளிய போனா கறுப்பா போவுது."

கறுப்பாகப் போனால் உள்ளே எங்கேயோ ரத்தம் கசிகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் காது சும்மா இருந்ததில்லை. மறுநாள் காலையில் தண்ணீருக்குள்ளேயே ரிக்‌ஷா பிடித்து அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையின் மேல்பாதியில் ஒரு புண். அதிலிருந்து கிள்ளி எடுத்த சதை லேபுக்குப் போயிற்று. ஐந்து நாளில் வரவேண்டிய ரிப்போர்ட் பத்து நாளாகியும் வரவில்லை. வேறு வேறு சாயம் போட்டுப் பார்க்கிறார்கள் என்றார்கள். சௌந்தரம் லேபுக்கே போய்விட்டாள். அங்கே இருந்த டாக்டரம்மா வயசில் சின்னவள். தினமும் கீழ்த்தளத்து வாசல் வழியாக வருகிறவள்தான், முகம் தெரியும். முதலில் தயங்கினாள். அப்புறம் நாற்காலியை நகர்த்தி, வங்காள வழக்கப்படி சித்தி முறை வைத்து, "பாருங்க மாஷி" என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள்.

வட்டமான வெளிச்சத்துக்குள் கருநீலப் புள்ளிகள். கேழ்வரகைக் கொட்டி வைத்த மாதிரி. ஆனால் கேழ்வரகு உருண்டையாக இருக்கும். இவை இடமில்லாமல் ஒன்றை ஒன்று நெருக்கி, ஒன்றின் வளைவுக்குத் தக்கபடி இன்னொன்று வளைந்து கிடந்தன.

"இவ்ளோதானா?" என்றாள் சௌந்தரம். அவ்வளவு பெரிய ஆளை ஏணியில் நிற்கவிடாமல் செய்தது இவ்வளவு சின்னதா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"சின்னதுதான் மாஷி. பேரே அதுதான், சிறு செல் புற்று. சாதாரணமா நுரையீரல்ல வரும். வயித்துல வந்து நான் பார்க்கறது இதுதான் முதல் தடவை. அதனாலதான் மூணு பேர்கிட்ட காட்டிட்டு எழுதினேன்."

அவள் திரும்பவும் குனிந்து பார்த்தாள். பயத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது. படியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

முதலில் மருந்துதான் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, மூன்று நாள் பாட்டில் ஏற்றவேண்டும். நான்கு தடவை ஏற்றினார்கள். மழைக்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. ராஜமாணிக்கத்துக்கு முடி கொட்டியது, மீசையும் போயிற்று. தண்ணீர்கூட இரும்பு ருசிக்கிறது என்றான். சௌந்தரம் வேலைக்குப் போகுமுன் அரிசி நொய்க் கஞ்சியை வடிகட்டி ஃப்ளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போவாள். மகள் மத்தியானம் போன் பண்ணி அவன் குடித்தானா என்று கேட்பாள். அவன் குடித்தேன் என்பான். பாதிதான் குடித்திருப்பான்.

ஆனால் மருந்து கேட்டது. செப்டம்பர் மாசம் எடுத்த ஸ்கேனில் புண் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. வேறெங்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் டாக்டர்களுக்குள் இரண்டு பேச்சு வந்தது. மருந்து கொடுத்த டாக்டர், இந்த ஜாதிப் புற்று கண்ணுக்குத் தெரியாமல் ரத்தத்தில் பரவுகிறது, கத்தி வைத்துப் பிரயோஜனம் இருக்குமோ என்னவோ, மருந்தையே தொடரலாம் என்றார். சர்ஜன் லாஹிரி, இப்போது எடுத்துவிட்டால் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றார். இரண்டு பேரும் சண்டை போடவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து, ராஜமாணிக்கத்துக்கு முன்னாலேயே, வங்காளத்தில் நிதானமாகப் பேசினார்கள். கடைசியில் மருந்து டாக்டர், "நீங்க தீர்மானம் பண்ணுங்க, நான் தடுக்க மாட்டேன்" என்று எழுந்து போனார்.

லாஹிரிக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஒல்லி. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு பை வரைந்தார்.

"இது உங்க இரைப்பை. இதை முழுசா எடுத்துடுவேன்."

ராஜமாணிக்கம் படத்தைப் பார்த்தான். அவனுடைய வங்காளம் டாக்கில் கற்றது, கொஞ்சம் கரடுமுரடு. "பாதி வைக்க முடியாதா?"

"புண் மேல இருக்கு. கீழ்ப்பாதியை விட்டா எனக்குத் தைரியம் இல்லை."

"வயிறே இல்லாம ஒரு மனுஷன் எப்படிச் சாப்பிடுவான்?"

"சாப்பிடுவான். கொஞ்சம் கொஞ்சமா, ஆறு ஏழு தடவை. சிறுகுடலை இங்க வெட்டி, இந்த முனையை மேலே கொண்டுவந்து உணவுக்குழாயோட சேர்த்துடுவேன். இந்த முனையை இங்கே பக்கவாட்டுல சேர்ப்பேன், பித்தநீர் வர்றதுக்கு." பேனா மேலும் கீழும் போயிற்று. "ஒரு விட்டமின் ஊசி ஆயுசுக்கும் போட்டுக்கணும்."

"இந்த நோவுக்கு எத்தனை பேருக்கு செஞ்சிருக்கீங்க?"

லாஹிரி கண்ணாடியைக் கீழே இறக்கினார். "வயித்தை எடுக்கற ஆபரேஷன் நிறைய செஞ்சிருக்கேன். இந்த ஜாதிப் புற்றை வயித்துல பார்த்தது, இருபத்தாறு வருஷத்துல மூணே பேர். ஒருத்தர் ஆபரேஷன் வேண்டாம்னுட்டார். ரெண்டு பேருக்குச் செஞ்சேன். ஒருத்தர் பத்து மாசம் இருந்தார். இன்னொருத்தர் வருஷா வருஷம் வந்து காட்டிட்டுப் போறார், ஏழு வருஷமாச்சு."

"நான் அந்த ரெண்டு பேர்ல யாரு மாதிரி?"

"தெரியாது."

"ஒரு குத்துமதிப்பா?"

"சொன்னா பொய் சொல்றேன்னு ஆகும். முதல்ல ஒரு சின்ன ஓட்டை போட்டு கேமராவை விட்டுப் பார்ப்பேன். ஸ்கேன்ல தெரியாதது ஏதாவது உள்ளே பரவியிருந்தா, ஒண்ணும் செய்யாம மூடிடுவேன். அரை மணியில வெளிய வந்துடுவீங்க. எதுவும் இல்லைன்னா மேல போவேன்."

ஆட்டோ பிடித்து வீட்டுக்குத் திரும்பினார்கள். மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. தெருவெல்லாம் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூங்கில்காரன் உச்சியில் காலைக் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு கயிறு இறுக்கிக்கொண்டிருந்தான். ராஜமாணிக்கம் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி அவனையே பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் தாரா காத்திருந்தாள். "கீ போல்லோ டாக்டர்? என்ன சொன்னாங்க?"

சௌந்தரம் சொன்னாள். தாராவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "வேண்டாம்பா. சர்ஜன்னா கத்திதான் சொல்லுவாங்க. மருந்து வேலை செய்யுதில்ல. அவரே மூணு பேர்தான் பார்த்திருக்காராம். என்ன நம்பிக்கையில போறது?"

ராஜமாணிக்கம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "பண்ணிக்கலாம்னு கீறேன்."

"இன்னாய்யா, அப்பவே தீர்மானம் பண்ணிட்டியா?" என்றாள் சௌந்தரம்.

"டாக்குல எத்தினியோ ஆபீசருங்கோ கீழ நின்னுக்கினு, பன்னண்டு டன்னுதான், தூக்குய்யான்னு கைய ஆட்டுவாங்கோ. தூக்கிப் பாத்தா பதினெட்டு கீது. கிரேனு கையி, பூமு, வளையுது. எனுக்கு எடை தெர்லன்னு சொன்னவன் ஒருத்தன் கெடியாது, கீழ லோடு கட்ற ஒரே ஒரு கலாசி தவர. பீகார்க்காரன் அவன். எடை தெர்ல பாய், ஒரு சாண் தூக்கு, நிறுத்து, பாக்கலாம்னுவான். அவன் நின்ன லோடு ஒண்ணுகூட எங்கையில ஆடினதில்ல. இந்த டாக்டரும் தெர்லன்னுதான் சொன்னாரு. ஓட்டை போட்டுப் பாக்கறேன்றாரு. ஒரு சாண் தூக்கி நிறுத்தறாரு, அவ்ளோதான்."

தாரா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முடியில்லாத அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அதற்குமேல் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

துர்கா பூஜை முடிந்து, லட்சுமி பூஜையும் முடிந்த மறுவாரம் நாள் குறித்தார்கள். முந்தின நாள் ராஜமாணிக்கத்தை வார்டில் சேர்த்துவிட்டு சௌந்தரம் மத்தியான ஷிஃப்டுக்குக் கீழே இறங்கினாள். அங்கே பொறுப்பு மிதாலி. சௌந்தரத்தைவிட எட்டு வயசு சின்னவள். நீராவிச் சூட்டில் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டும் அந்த அறையிலும் நெற்றியில் பெரிய பொட்டு கலையாமல் வைத்திருப்பாள்.

"நீ இன்னைக்கு எதுக்கு வந்தே தீதி? லீவுதானே எழுதினே?"

"நாளைக்கு லீவு. இன்னைக்கு மூணாம் தியேட்டர் பெரிய தட்டு நான் கட்டறேன்."

மிதாலி புரிந்துகொண்டாள். "சொந்தக்காரங்க தட்டைக் கட்டக்கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்லை. ஆனா மனசு பதறும். எண்ணிக்கை தப்பும்."

"தப்பினா நீ எண்ணு."

கருவிகள் ஊறி எழுந்து கிடந்தன. நீளமான ஆர்ட்டரி இடுக்கிகள், விலா எலும்பை ஏந்திப் பிடிக்கிற அகன்ற ரிட்ராக்டர், பாப்காக் என்று ஒன்று. பாப்காக்குக்கு வாய் வளைந்து நடுவில் பொந்தாக இருக்கும், பல் கூர்மையாக இருக்காது. அதன் கீலில் எதுவும் தங்காது என்று தெரிந்தும் சௌந்தரம் மூன்று தடவை தேய்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வாயைத் திறந்து தன் சுண்டுவிரல் சதையை மெல்லப் பிடிக்கவிட்டாள். வலிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அப்படிச் செய்து பார்த்ததே இல்லை.

சாமி குங்குமம் ஒரு சிட்டிகை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். தட்டில் வைக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. வைக்கவில்லை. சுத்தம் செய்த தட்டில் சாமியேயானாலும் வேறொன்று கூடாது. அவள் எத்தனையோ புது ஆட்களுக்கு அதைச் சொல்லித் திட்டியிருக்கிறாள். துணியை நான்கு மூலையும் மடித்துக் கட்டி, பட்டையை ஒட்டினாள். மிதாலி கட்டைப் பிரித்து மறுபடியும் எல்லாவற்றையும் எண்ணி, மறுபடியும் கட்டி, தன் கையெழுத்தைப் போட்டாள். நீராவிப் பெட்டி சீறிக்கொண்டு மூடியது. முக்கால் மணி நேரம் கழித்துக் கட்டு வெளியே வந்தபோது பட்டையில் கோடுகள் கறுப்பாக, வரிவரியாகத் தெரிந்தன.

"சுத்தமா கீது" என்றாள் சௌந்தரம் தமிழில், யாரிடமும் இல்லாமல்.

காலை ஏழரை மணிக்கு ராஜமாணிக்கத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். லிஃப்ட் கதவு மூடுமுன் அவன் கையைத் தூக்கி, விரலால் மேலே மேலே என்று கிரேனுக்குக் காட்டுகிற மாதிரி காட்டினான். தாரா சிரித்தாள். சௌந்தரத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

காத்திருக்கிற கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். டிவியில் சத்தமில்லாமல் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் பொரிப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, தின்னாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எட்டேகாலுக்கு மேல் சௌந்தரம் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். அரை மணியில் கூப்பிட்டால் மூடிவிட்டார்கள் என்று அர்த்தம். ஒன்பது வரைக்கும் அந்தக் கதவு ஆறேழு தடவை திறந்தது. ஒவ்வொரு தடவையும் வெளியே வந்த ஆள் வேறு யாருடைய பெயரையோ சொன்னான்.

ஒன்பது பத்துக்கு அவளுடைய போன் அடித்தது. மிதாலி.

"தீதி, மூணாம் தியேட்டர்லேர்ந்து கேமரா தட்டு கீழே வந்துடுச்சு."

"பெரிய தட்டு?"

"வரலை."

"கட்டுப் பிரிக்காம திருப்பி அனுப்பிச்சாங்களா?"

"வரலைங்கறேன். இன்னும் கேளு. இப்பத்தான் மேலேர்ந்து போன் வந்தது. இன்னொரு இடுக்கி செட்டும் அனுப்பச் சொன்னாங்க. நானே லிஃப்டுல ஏத்தினேன்."

சௌந்தரம் போனை மடியில் வைத்தாள். தாரா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "மா, என்ன ஆச்சு? சொல்லும்மா."

"கேமரா வேலை முடிஞ்சிட்ச்சி. ஒண்ணும் பரவலடி. வயித்தத் தெறந்துட்டாங்கோ."

சொன்ன பிறகுதான், கட்டின புருஷனுடைய வயிற்றைக் கிழித்துவிட்டார்கள் என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறோமே என்று அவளுக்கு வந்தது. அம்மாவும் மகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கிழவர் பொரிப் பொட்டலத்தை அவர்கள் பக்கம் நீட்டினார். சௌந்தரம் ஒரு பிடி வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அவள் சாப்பிட்டது அதுதான்.

ஒன்றரை மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். "ராஜமாணிக்கத்தோட வீட்டு ஆள், ஒருத்தர் மட்டும்." தாரா, "நீ போ மா, என்னால பார்க்க முடியாது" என்றாள். எதைப் பார்க்கவேண்டியிருக்கும் என்று சௌந்தரத்துக்கும் தெரியும். எடுத்த உறுப்பை வீட்டு ஆளிடம் காட்டுவது அங்கே வழக்கம்.

தியேட்டர் வாசலில் சிவப்புக் கோடு. அதற்கு அந்தப் பக்கம் லாஹிரி நின்றார். அங்கி முன்பக்கம் ஈரமாக இருந்தது. முகமூடியை இறக்கியிருந்ததில் மூக்கின் மேல் தழும்பு பதிந்திருந்தது. பக்கத்தில் ஒரு நர்ஸ் எஃகுத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். மேலே பச்சைத் துணி.

"அவர் நல்லா இருக்கார்" என்றார் முதலில். "பார்க்கறீங்களா? வேண்டாம்னா வேண்டாம்."

"பாக்கறேன்."

துணியை எடுத்தார்கள்.

அவள் நினைத்தது போல் இல்லை. ரத்தக் களறியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். கழுவி, ஒரு பக்கமாக வெட்டி விரித்து வைத்திருந்தார்கள், ஒரு பையைப் பிரித்துப் போட்ட மாதிரி. வெளிப்பக்கம் வழவழவென்று, லேசான ரோஜா நிறம். உட்பக்கம் முழுக்க மடிப்பு மடிப்பாக, ஆற்று மணலில் தண்ணீர் போட்டுவிட்டுப் போன வரி மாதிரி. ஈரத்தில் மினுங்கியது. ஒரு ஓரத்தில் மஞ்சள் கொழுப்பு, அதற்குள் அவரைக்கொட்டை போல ஒன்றிரண்டு கட்டிகள். மேல்பாதியில், மடிப்புகள் எல்லாம் ஒரு புள்ளியை நோக்கிச் சுருங்கிப் போன இடத்தில், ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு வெளுத்த வடு. அவ்வளவுதான்.

"அதுதான்" என்றார் லாஹிரி. "மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு."

தட்டின் விளிம்பில் ஒரு பாப்காக் அந்தச் சதையின் ஓரத்தைப் பிடித்தபடி கிடந்தது. அழுத்தாமல், நழுவவும் விடாமல், குழந்தையின் கையைப் பிடிப்பது மாதிரி பிடித்திருந்தது. அந்தப் பொந்து வாய் எதற்கு என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது வடுவையும் இல்லை, இடுக்கியையும் இல்லை. இருபத்தெட்டு வருஷமாக அவள் வடித்த சோறெல்லாம் இதற்குள்தான் போயிற்று. வந்த புதிதில் உப்பு அள்ளிப் போட்டுக் கெடுத்த குழம்பும் இதற்குள்தான். தாரா பிறந்த அன்று அவன் டாக்கில் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்துத் தானும் தின்ற ரசகுல்லாவும், அவளோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே தின்ற புரோட்டாவும் இதற்குள்தான். ஒரு நாள் லீவு கேட்காமல், யாரும் கண்ணால் பாராமல், இருட்டுக்குள் இருந்துகொண்டு இந்தக் கையகலப் பை அத்தனையையும் அரைத்து அவனை ஏணியில் ஏற்றியிருக்கிறது. இப்போது வெளிச்சத்தில் வந்து கிடக்கிறது.

அவள் கை தானாகக் குவிந்தது. கும்பிட்டது லாஹிரியையா, தட்டில் இருந்ததையா என்று அவளுக்கே தெரியவில்லை. நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதுக்குப் பதிலா உள்ளே என்ன வெச்சீங்க ஸார்?" என்று வங்காளத்தில் கேட்டாள்.

"எதுவும் வைக்கலை. அவரோட குடலையே மேலே கொண்டுவந்து தைச்சிருக்கேன்."

"அந்தக் குடலுக்கு எப்படித் தெரியும், இனிமே நாமதான் வயிறுன்னு?"

ஐந்து மணி நேரத்துக்கு மேல் நின்ற லாஹிரி, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். "தெரியாதும்மா. ஆனா செஞ்சிடும். நான் தையல் போடறதோட சரி. அப்புறம் நடக்கறதுல எனக்கு ஒரு பங்கும் இல்லை. இத்தனை வருஷமாச்சு, இன்னும் எனக்கு அது ஆச்சரியமாத்தான் இருக்கு."

துணியை மூடித் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். அது லேபுக்குப் போகிறது என்றார்கள். கதவு சாத்திய பிறகும் அவள் சிவப்புக் கோட்டின் இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த ஆறு நாளும் ராஜமாணிக்கத்துக்கு வாய்க்கு ஒன்றும் கிடையாது. மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் இரண்டு. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. தையல் விட்டுக் கசிகிறதோ என்று லாஹிரி ராத்திரியும் பகலும் மூன்று தடவை வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். கசிந்தால் உயிருக்கே ஆபத்து என்று அவர் சொல்லவில்லை, சௌந்தரத்துக்கே தெரியும். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்றைக்கே லேப் ரிப்போர்ட்டும் வந்தது. வெட்டிய ஓரங்களில் புற்று இல்லை. எடுத்த இருபத்துநாலு நிணநீர்க் கட்டிகளில் ஒன்றில் மட்டும் இருந்திருக்கிறது. இன்னும் இரண்டு தடவை மருந்து ஏற்றவேண்டும். அப்புறம் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன்.

"அந்த ஒண்ணு எதுக்குய்யா இருக்கணும்?" என்றாள் சௌந்தரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு.

"இருபத்திமூணுல இல்லியே, அத்தப் பாரு" என்றான் அவன். குரல் கரகரத்தது. உதடு வெடித்திருந்தது. ஈரப் பஞ்சால் அவள் துடைத்துவிட்டாள். பஞ்சிலிருந்து ஒரு சொட்டு உள்ளே போய்விடுமோ என்று இரண்டு பேரும் பயந்தார்கள்.

ஏழாம் நாள் காலையில் எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மருந்துத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, அது ஒழுகாமல் இறங்குகிறதா என்று திரையில் பார்ப்பார்கள். அங்கே டெக்னீஷியன் சாய்ராம், டாக்குரியாவில் இருக்கிற தமிழ்ப் பையன்தான், நாற்பது வயசு ஆனாலும் சௌந்தரத்துக்குப் பையன்தான். "அக்கா, நீங்க ஸ்டாஃப்தானே, இதைப் போட்டுக்கிட்டு உள்ளே வாங்க" என்று ஈயம் வைத்த கனமான அங்கியை அவள் தோளில் மாட்டினான்.

ராஜமாணிக்கத்தைப் பலகையோடு நிமிர்த்தி நிற்கவைத்தார்கள். பதினாலு கிலோ குறைந்த உடம்பு. கவுன் தோளில் தொங்கியது. கையில் ஒரு கப்.

"கொஞ்சமா ஒரு வாய்" என்றார் எக்ஸ்ரே டாக்டர். "நான் சொன்னதும் முழுங்குங்க. ம்."

அவன் முழுங்கினான். முகம் கசந்து சுருங்கியது. சௌந்தரம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் விலா எலும்புகள், முதுகெலும்பு, பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்த நிழல். அதுதான் இருதயம் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. தொண்டையிலிருந்து ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. நேராக வந்தது. தையல் போட்ட இடத்தில், சின்னச் சின்னக் கம்பிப் பின்கள் வட்டமாகத் தெரிந்த இடத்தில், ஒரு கணம் நின்றது. பிறகு கோடு மெலிந்து, அந்த வட்டத்தின் நடுவே நுழைந்து, அந்தப் பக்கம் அகலமாக விரிந்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

விரிந்த இடம் குடல். ஒரு வாரத்துக்கு முன்னால் அது வேறெங்கோ, வேறு வேலையாக இருந்தது. இப்போது அது சுருங்கியது, விரிந்தது, கறுப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கீழே தள்ளியது. மறுபடியும் சுருங்கியது.

"லீக் இல்லை" என்றார் டாக்டர். "அருமையா போகுது."

"இன்னாமே தெரியுது?" என்றான் ராஜமாணிக்கம். திரை அவனுக்குப் பக்கவாட்டில் இருந்தது.

சௌந்தரம் திரையைக் கையால் காட்டினாள். சாய்ராம் எட்டித் திரையை அவன் பக்கம் திருப்பிவிட்டான்.

ராஜமாணிக்கம் பார்த்தான். தன் விலா எலும்பையும், தன் இருதயத்தையும், அதற்குக் கீழே யாரும் ஏவாமல் தள்ளிக்கொண்டிருந்த அதையும் நிறைய நேரம் பார்த்தான். திரையில் கறுப்பு மெல்ல வெளுத்து மறைந்தது.

"நானா அது?" என்றான்.

"நீதான்யா."

"ஆச்சு, இறக்கிடலாமா அண்ணே?" என்றான் சாய்ராம்.

ராஜமாணிக்கம் கப்பை இறுகப் பிடித்துக்கொண்டான். அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. டாக்டரைப் பார்த்து வங்காளத்தில், ரொம்ப மரியாதையாக, "இன்னும் ஒரு வாய் குடிக்கட்டுமா ஸார்? கொஞ்சம் பார்க்கணும்" என்றான்.

டாக்டர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். திரும்பி சாய்ராமிடம், "விளக்கை அணை, இன்னொரு தடவை பார்ப்போம்" என்றார்.